மத்தளம்பாறை வரை வந்தாச்சு... அப்புறம்?

குற்றாலத்தில் சீஸன் ஆரம்பித்துவிட்டதை தென்காசிக்காரர்கள் இரண்டு விதமாகத் தெரிந்துகொள்வார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து, வெயிலோடு வெயிலாகச் சாரல் தெறித்தால் சீஸன். அல்லது, சென்னையில் வேலை பார்க்கும் சித்தப்பா பையன், அத்தை பையன், அவனுடைய ரூம்மேட் எல்லோரும் வரிசையாக போன் போட்டு, "மாமா, ஐந்தருவில தண்ணி விழுதா?" என்று விசாரித்தால் சீஸன்.

போன் போடும் அத்தனை பேரும் உள்ளூர்ச் சரக்குதான். படித்து முடித்ததும் பெட்டியும் புளியோதரையுமாக பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள். தென்காசிப் பக்கம் காலங்காலமாக வெளியூருக்குப் போகும் சரக்குகளில் பாவூர்சத்திரம் காய்கறி, புளியங்குடி எலுமிச்சை, செங்கோட்டை மரம் என்று ஒரு லிஸ்ட் உண்டு. லிஸ்ட்டில் எழுதாமல் விட்ட பெரிய ஐட்டம், பையன்கள்!

சமீப வருஷங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பிரானூர் பார்டர் பரோட்டா. செங்கோட்டைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் பிறந்த அந்தப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சென்னையில் தெருவுக்குத் தெரு போர்டு மாட்டி உட்கார்ந்துவிட்டன. எந்த கமிட்டியும் கூடவில்லை. எந்த மந்திரியும் ரிப்பன் வெட்டவில்லை. ஆனாலும் 'டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர்' ஜோராக நடந்துவிட்டது. சாப்பிட்டவர்களைக் கேளுங்கள்... "அங்க மாஸ்டர் நம்ம ஊர் ஆளு, நல்லாருக்கு. இங்க வெறும் போர்டு மட்டும்தான் பார்டர்" என்று கரெக்டாகப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். போர்டு போனால் போதாது, மாஸ்டர் போகணும். இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கொஞ்சம் பெரிய விஷயத்துக்குப் போகப்போகிறோம்.

தென்காசியை ஒட்டி, மலையடிவாரத்தில் மத்தளம்பாறை. பெயரைக் கேட்டால் கரகாட்டக் கோஷ்டி ஞாபகம் வரும். இந்த ஊர்ப் பக்கம் 2011-ல் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆபீஸ் திறந்தது. இன்றைக்கு ஜோஹோ என்றால் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு, "அண்ணாச்சி, அது என்ன கம்பெனி, சோப்பு கம்பெனியா?" என்று கேட்டிருந்தாலும் தப்பில்லை. 1996-ல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் ஆரம்பித்த கம்பெனி, 2009-ல்தான் ஜோஹோ ஆனது. ஸ்தாபகர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கி, குவால்காம் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஜாதகப்படி பார்த்தால் கலிஃபோர்னியாவில் வீடு வாங்கி செட்டிலாக வேண்டிய ஆசாமி. அவர் 2019-ல் மத்தளம்பாறைக்கே குடிவந்து, வேட்டி சட்டையில் சைக்கிள் மிதிக்கிற போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2021-ல் பத்மஸ்ரீ. 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகப் பொறுப்பை சைலேஷ் குமார் டேவியிடம் கொடுத்துவிட்டு, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிப் பக்கம் நகர்ந்துகொண்டார்.

போட்டோ இருக்கட்டும். எனக்கு சைக்கிளைவிட சுவாரஸ்யமாகப் படுவது வேறு விஷயம். பெரிய கம்பெனிகள் சின்ன ஊரில் கிளை திறந்தால் வழக்கமாக என்ன செய்யும்? போன் எடுத்துப் பேசுகிற வேலை, பில் சரிபார்க்கிற வேலை, டைப் அடிக்கிற வேலை... இப்படி மிச்சசொச்சத்தை அனுப்பும். மூளை வேலை மெட்ராஸிலேயே இருக்கும். இங்கே நடந்தது வேறு. கஸ்டமர் புகார்களை வரிசைப்படுத்திக் கவனிக்க உலகெங்கும் கம்பெனிகள் வாங்கும் 'ஜோஹோ டெஸ்க்' என்ற சாஃப்ட்வேர், தென்காசி ஆபீஸில் உருவானது. 2016-லிருந்து அந்தப் பெயரில் விற்பனையில் இருக்கிறது. எங்கேயோ ஒரு வெளிநாட்டு கம்பெனியில் "என் ஆர்டர் இன்னும் வரலையே" என்று ஒருத்தர் கத்துகிற கத்தலை, கடையம் ரோட்டுப் பக்கம் எழுதின புரோகிராம் பதவிசாக வாங்கிக் குறித்துக்கொள்கிறது!

இதற்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஆரம்பம் 2005-வாக்கில், சென்னையில். காலேஜ் டிகிரி இல்லாத, பிளஸ் டூவோ டிப்ளமாவோ முடித்த பிள்ளைகளை எடுத்து, கையளவு பேரோடு கம்பெனியே ஒரு பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்தது. ஃபீஸ் கிடையாது. பதிலாக மாசாமாசம் உதவித்தொகை. கணக்கு, இங்கிலீஷ், புரோகிராமிங். அப்புறம் நேரே ஒரு டீமில் உட்கார்ந்து நிஜ வேலை. நீச்சல் புஸ்தகம் படிக்கவைக்காமல் தாமிரபரணியில் இறக்கிவிடுகிற மாதிரி. அந்தப் பள்ளிக்கூடம் பின்னால் தென்காசிக்கும் வந்தது.

இதன் அர்த்தம் முழுசாகப் புரியவேண்டுமானால், ஆலங்குளம், கடையம், கீழப்பாவூர் கிராமங்களுக்குள் ஒரு மத்தியானம் போய்ப் பார்க்கவேண்டும். திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஆயிரம் பீடிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. அந்த வருமானத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். படித்து முடித்த பெண்ணுக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டே: கல்யாணம் அல்லது சென்னை, பெங்களூர் ஹாஸ்டல். மூன்றாவதாக, காலையில் டிபன் பாக்ஸோடு புறப்பட்டு சாயங்காலம் வீட்டுக்கே திரும்புகிற கம்ப்யூட்டர் வேலை என்று ஒன்று வந்தபோது, அது வெறும் சம்பள விஷயமாக இருக்கவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வீட்டில் ஆள் இருக்கிறது. இதை எந்தப் புள்ளிவிவரத்தில் சேர்ப்பது?

சரி, அரசாங்கம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பாவம். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதன் பிறகு 'ஐ.டி. தெற்கேயும் போகட்டும்' என்று திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானில் தகவல் தொழில்நுட்பத்துக்கென்றே சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைத்தார்கள். கட்டடம் வந்தது, ரோடு வந்தது. கம்பெனிகள்தான் வரக் காணோம். பல வருஷம் ஆள் தேடிக்கொண்டிருந்தது. 2022-ல் திருநெல்வேலியில் ஸ்டார்ட்அப் தமிழ்நாட்டின் வட்டார மையம் வந்தது. 2023-ல் மாநிலத்துக்குப் புதிய ஸ்டார்ட்அப் கொள்கை. 2024-ல் விழுப்புரத்திலும், பிறகு தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியிலும் 'நியோ டைடல்' என்று குட்டி டைடல்கள். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. கட்டடம் திறப்பது சுலபம், போட்டோவும் நன்றாக வரும். மாஸ்டர் வந்தாரா என்பதுதான் நம் பரோட்டாக் கேள்வி.

மாஸ்டர் இல்லாமல் போர்டு மட்டும் போனால் என்னாகும் என்பதற்கு, மதுரை மாவட்டம் மேலூரில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2001-வாக்கில் சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் ஹார்வர்ட், எம்.ஐ.டி. என்று ஜாம்பவான்கள் சேர்ந்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் இன்டர்நெட் கடைகள் வைத்தார்கள். கம்பி இழுக்கத் தேவையில்லாத 'கார்டெக்ட்' என்ற கருவி. அதை உருவாக்கியது அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான ஐ.ஐ.டி. குழு. அந்தக் காலத்துக்கு அசத்தலான டெக்னாலஜி. கிராமத்திலிருந்தே தாலுகா ஆபீஸுக்கு சர்டிபிகேட் விண்ணப்பம் அனுப்பலாம், பஸ் காசு மிச்சம். ஜனங்களுக்கு உபயோகமாகத்தான் இருந்தது. ஆனால் நிலைக்கவில்லை. பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆர்வமாக முன்நின்று நடத்திய அதிகாரிகள் மாற்றலாகிப் போனது! டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர் வேர் பிடிப்பதற்குள் ஆபீசர் டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது. கடைகளில் பலவும் மூடிக்கொண்டன.

இதற்கு நேர் எதிர் உதாரணம், தென்காசியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கிறது. சிவகாசி.

1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். மானாவாரி பூமி, மழை கிடையாது, விவசாயத்தை நம்பி பிரயோஜனமில்லை. அங்கே தங்கி, தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். திரும்பி வந்து 1923-ல் சொந்த ஊரில் தீப்பெட்டித் தொழில் ஆரம்பித்தார்கள். மழை இல்லாததே அந்தத் தொழிலுக்கு வசதியாகப் போனது. மருந்து நன்றாகக் காயும்! சில வருஷங்களில் இருவரும் தனித்தனியாகத் தொழில் நடத்தப் பிரிந்தார்கள். அவர்களிடம் வேலை கற்றவர்கள், பார்த்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், சம்பந்திகள் எல்லோரும் ஆளுக்கொரு பட்டறை போட்டார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே? அச்சகம் வந்தது. மருந்து கலக்கத் தெரிந்துவிட்டது; பட்டாசு வந்தது. லேபிள் அடித்த அச்சகம் காலண்டர், டைரி அடித்தது. ஒரு தொழில் மூன்று தொழிலானது. வேலைக்குப் போன குழந்தைகளும், வெடிவிபத்தில் போன உயிர்களும் அதே கதையின் இன்னொரு பக்கம். அதை மறைத்துவிட்டு 'குட்டி ஜப்பான்' பெருமை மட்டும் பேசுவது நியாயமில்லை. ஆனால் கற்றுவந்த வித்தை எப்படி ஊர் முழுக்கப் பரவியது என்பதற்கு தென் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அதில் மூன்று கட்டம் இருக்கிறது பாருங்கள். வெளியூர் போய்க் கற்றுக்கொண்டது ஒன்று. ஊருக்குத் திரும்பிவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டு. சொல்லிக்கொடுத்தவரை விட்டுப் பிரிந்துபோய், பக்கத்துத் தெருவிலேயே போட்டிக் கடை போட்டது மூன்று. மேலூரில் மூன்றாவது கட்டத்துக்கு வழியே பிறக்கவில்லை. மத்தளம்பாறையில் முதல் இரண்டும் அருமையாக நடந்திருக்கின்றன. மூன்றாவது?

'போட்டிக் கடையா, அது துரோகமில்லையா?' என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கே அப்படி வளர்ந்ததுதான். ஷாக்லி என்ற விஞ்ஞானியின் கம்பெனியை விட்டு எட்டுப் பேர் 1957-ல் வெளியேறி ஃபேர்சைல்டு கம்பெனியை ஆரம்பித்தார்கள். அந்த எட்டுப் பேரில் இருவர் 1968-ல் அங்கிருந்தும் வெளியேறி ஆரம்பித்ததுதான் இன்டெல். ஊர் ஒன்றே, போர்டுதான் மாறிக்கொண்டிருந்தது.

அவ்வளவு தூரம் எதற்கு? சென்னையிலேயே நடந்திருக்கிறது. ஜோஹோவில் வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் வெளியே வந்து 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற கம்பெனி தொடங்கினார். அதுவும் கஸ்டமர் புகார் கவனிக்கிற சாஃப்ட்வேர்தான். பின்னால் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பிடித்தது. நடுவில் இரண்டு கம்பெனிகளும் அமெரிக்கக் கோர்ட்டு வரை போய் மோதிக்கொண்டு, பிறகு சமாதானமானது தனிக் கதை. இதில் வேடிக்கை, சென்னையில் பிரிந்துபோனவர் செய்யும் சரக்குக்குப் போட்டிச் சரக்கு தயாராவது நம்ம தென்காசியில்!

ஆக, சென்னையில் மூன்றாவது கட்டம் நடக்கிறது. தென்காசியில் ஏன் லேசில் நடக்கமாட்டேன் என்கிறது? ஜோஹோவைக் குறை சொல்லி லாபமில்லை. ஒரு கம்பெனி தன் வேலையைப் பார்க்கிறது, பள்ளிக்கூடமும் நடத்துகிறது. அதற்கு மேல் ஊருக்கே திட்டம் போட்டுக்கொடு என்று கேட்பது அதிகம். அது மாவட்டத்தின் வேலை. தென்காசி 2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, எஸ்.பி. ஆபீஸ் வந்தது. 'இந்த ஊரில் வேலை கற்ற ஒரு பையன் ராஜினாமா செய்துவிட்டு சொந்தமாக ஏதாவது ஆரம்பிக்க நினைத்தால் யாரைப் பார்க்கவேண்டும்?' என்ற கேள்விக்கு ஒரு ஜன்னல் வரவேண்டும்.

பையன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மூன்று பேர் உட்கார இடம், ஒழுங்கான இன்டர்நெட், ஆறேழு மாசம் தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். பேங்கில் கேட்டால், "அடமானம் என்ன தம்பி இருக்கு?" என்பார்கள். மூளையை அடமானம் வைக்க எந்த பேங்கிலும் ஃபாரம் கிடையாது. வீட்டில் அப்பா, "ஏலே, இருக்கிற வேலைய விட்டுட்டு என்னத்தப் பண்ணப் போற? பொண்ணு வீட்ல என்ன சொல்லுவாங்க?" என்பார். இந்த இரண்டாவது பிரச்னைக்கு அரசாங்கத்தால் ஒன்றும் செய்யமுடியாது. முதலாவதுக்கு முடியும்.

1990-களில் ஐரோப்பாவில் நூற்றுக்கும் அதிகமான வட்டாரங்களுக்கு இப்படித் திட்டம் போட்டார்கள். 'வட்டாரப் புதுமை மற்றும் தொழில்நுட்பப் பரிமாற்ற உத்தி' என்று தலைப்பே மூச்சு முட்டும். ஆனால் உள்ளே இருந்த விஷயம் எளிமையானது. கட்டடத்துக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால், அந்த வட்டாரத்தில் சின்னதாகத் தொழில் செய்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். 'உங்களுக்கு எங்கே இடிக்கிறது?' என்று கேளுங்கள். அப்புறம் அதைத் தீர்க்கத் தெரிந்தவர் யார் என்று தேடி, இருவரையும் ஒரு மேஜையில் உட்காரவையுங்கள். அவ்வளவுதான்.

தென்காசியில் இந்தக் கேள்வியோடு கிளம்பினால் ஒரு வாரத்தில் நோட்டுப் புஸ்தகம் நிரம்பிவிடும். புளியங்குடியில் எலுமிச்சை விலை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பழத்தைத் தரம் பிரிப்பதிலிருந்து கெடாமல் வைப்பது வரை எல்லாமே வேலைதான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மலை தாண்டிக் கேரளா போகும் லாரிகளுக்கு அங்கே என்ன விலை ஓடுகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? சங்கரன்கோவில் விசைத்தறி, பிரானூர் மர அறுவை மில், கீழப்பாவூர் அரிசி... ஒவ்வொன்றிலும் ஒரு பொறியியல் பட்டதாரிக்கு ஐந்து வருஷ வேலை இருக்கிறது. மத்தளம்பாறையில் அமெரிக்கக்காரனின் புகாரைத் தீர்க்கத் தெரிந்த மூளைக்கும், அதே மாவட்டத்தில் எலுமிச்சை மூட்டையோடு நிற்கிற அண்ணாச்சிக்கும் நடுவில் அறிமுகமே இல்லை. இரண்டு பேரும் ஒரே கோயில் தேரைத்தான் இழுக்கிறார்கள்!

முடியாத காரியம் என்று சொல்லவேண்டாம். தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் 1981-லிருந்து அமர் சேவா சங்கம் இருக்கிறது. பொறியியல் மாணவராக இருந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தார். தனக்கு சிகிச்சை தந்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில், மாற்றுத்திறனாளிகளுக்காக அவர் ஆரம்பித்தது அது. 2020-ல் பத்மஸ்ரீ. ஊனத்தோடு பிறந்த குழந்தைகளை ஆஸ்பத்திரிக்கு வா வா என்று அழைக்காமல், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து வீட்டுக்கே அனுப்பி சிகிச்சை தருகிறார்கள். அந்தப் பெண்கள் குழந்தையின் முன்னேற்றத்தைக் குறித்துக்கொள்ள, நிபுணர்கள் தூரத்திலிருந்தே பார்த்து யோசனை சொல்ல, 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்று ஒரு செல்போன் ஆப் வைத்திருக்கிறார்கள். அந்த முறை வேறு மாநிலத் தொண்டு நிறுவனங்களுக்கும் போயிருக்கிறது. உள்ளூர் அவஸ்தை, உள்ளூர் ஆட்கள், உலகத்தரத் தீர்வு. அதுவும் ஆய்க்குடியிலிருந்து!

காசு இருந்தால் எல்லாம் வந்துவிடும் என்பதும் இல்லை. ஜோஹோவே சிப் தயாரிப்பில் சுமார் 70 கோடி டாலர் போடுவதாக இருந்தது. அந்த டெக்னாலஜி மேல் முழு நம்பிக்கை வரவில்லை என்று 2025 மே மாதம் திட்டத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். பணம் ரெடி, மாஸ்டர் கிடைக்கவில்லை. பரோட்டாக் கடைச் சட்டம் பெரிய கம்பெனிக்கும் பொருந்துகிறது.

அதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் சும்மா இல்லை. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் பாதையில் வரும் கொட்டாரக்கராவில், 2025 ஜூலையில் ஜோஹோவின் ஆராய்ச்சி மையம் திறந்தாகிவிட்டது. திறந்துவைத்தவர் அன்றைய முதலமைச்சர் பினராயி விஜயன். தென்காசிப் பையன்களுக்குப் போக இன்னொரு திசையும் கிடைத்தாயிற்று.

இந்தப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் இப்போதும் வெயிட்டிங் லிஸ்ட்தான்.